நான்கு டிஸ்க்கில் ஓடிய ஆஸ்பத்திரி

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சர்வர் அறையை மருந்துக் கிட்டங்கியாக மாற்றப் போகிறார்கள். நோயாளிகளின் தகவல்களெல்லாம் இனி எங்கோ தொலைவில் இருக்கும் வாடகைச் சேமிப்புக்குப் போய்விடுமாம். கணினிப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன் செய்து, "மேடம், காலி பண்ணுததுக்கு முன்னால ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்கள். போனேன். காபி குடித்துக்கொண்டே பழைய கதை பேசியபோது, டிஸ்க் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னேன். "ஒரு பெட்டி வாங்குததுக்கா இவ்வளவு?" என்று ஒரு பெண் சிரித்தாள். பிறகு, "எழுதி வைங்க மேடம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் சங்கரவடிவு. பாளையங்கோட்டையில் கணிதம் படித்தேன். கணினி வந்த புதிதில் ஒரு டிப்ளமோ முடித்துவிட்டு, ஆற்றங்கரைப் பக்கம் இருந்த அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. ஒரு கணினி பலவாகி, எல்லாவற்றையும் கேபிளால் இணைத்து நடுவில் ஒரு சர்வர் வைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பிரிவில் இரண்டாம் ஆளாக இருந்தேன். முதல் ஆள் காந்திமதிநாதன் சார்.

சாருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. விற்பனைக்கு வருகிறவர்கள் முன்னால் அவர் உட்காரவே மாட்டார். நின்றுகொண்டு, அவர்கள் சொல்வதையெல்லாம் கடைசிவரை கேட்பார். இடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்களுக்குச் சொல்லச் சரக்குத் தீர்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் சுற்றி வளைத்து வந்தால் கோபப்படமாட்டார். அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். மூன்றாம் முறை கேட்கும்போது எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும்.

இனி அந்த டிஸ்க் பெட்டி. சர்வருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பீரோ உயரத்துக்கு நின்றது. உள்ளே ஐந்து டிஸ்க்குகள். பரிசோதனைக் கூடத்து முடிவுகள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சுருக்கம் எல்லாம் அதில்தான் இருந்தன. ஐந்தில் ஒன்று செத்துப்போனால், மற்ற நான்கும் சேர்ந்து அதிலிருந்ததைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். வேலை நிற்காது. செத்த டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால், பெட்டி தானாகவே அதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் புதியதைச் செருகுவதற்குள் இரண்டாவதும் செத்தால் எல்லாம் போச்சு.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை நான் அறையைத் திறந்தபோது மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. சாரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். "மாத்து டிஸ்க் கைவசம் இல்லையே, வடிவம்மா" என்றார்.

இல்லைதான். முந்தைய வருஷமே ஒன்று போய், வைத்திருந்த உபரி டிஸ்க்கைச் செருகியிருந்தோம். கேட்டு விசாரித்ததில், அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் அந்த வகையைத் தயாரிப்பதையே விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. சென்னையிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. புதுப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும். அதுவரை நான்கு டிஸ்க்கில் ஓட்டவேண்டும்.

அறக்கட்டளையின் செயலாளர் டவுனில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அவரிடம் போய்ச் சொன்னோம். "வாங்குங்கவே, ஆனா ஒண்ணுக்கு மூணா பாத்து வாங்குங்க" என்றார்.

மூன்று இடங்களிலிருந்து வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் வண்ண வண்ணப் படங்களைக் காட்டினார். சோதித்துப் பார்க்கப் பெட்டி கொண்டுவர முடியாது என்றார், அவரை அனுப்பிவிட்டோம். மதுரையிலிருந்து வந்தவர் பருத்த மனிதர், மெதுவாகப் பேசுவார், அவருடைய பெட்டியும் மெதுவாகவே வேலை செய்தது. மூன்றாவதாகச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவன் குமரேசன். முப்பதுக்குள் இருக்கும். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே பெட்டியைத் தூக்கி வந்தான். கேபிளைச் செருகும்போதே கை தொழில் தெரிந்த கை என்று தெரிந்தது.

அவன் போன பிறகு சார் என்னைக் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு, "அண்ணாச்சி, ஒரு விஷயம். அந்தச் சென்னைப் பையன் என் தங்கச்சி மகன்" என்றார்.

"நல்லதாப் போச்சு. நம்ம பையன்" என்றார் அண்ணாச்சி.

"அதுமட்டுமில்ல. எம்மக கோமதிய அவனுக்குக் கேட்டுக்கிட்டிருக்காங்க. இன்னும் முடிவாகல. அதனால சோதிக்குத வேலைய நான் செய்யக் கூடாது. வடிவம்மாதான் செய்வாங்க. அவங்க என்ன சொல்லுதாங்களோ அதுதான்."

வெளியே வந்ததும், "சார், நான் ஏதாவது ஒண்ணு சொல்லி, உங்க குடும்பத்துல…" என்று இழுத்தேன்.

"பாத்தத சொல்லுங்க. பாக்காதத சொல்லாதீங்க. வேற எதையும் யோசிக்க வேண்டாம்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோதனை நடந்த நாட்களில் சர்வர் அறைப் பக்கமே வரவில்லை.

சோதனை முறையை நானே வகுத்தேன். எங்கள் பழைய தகவல்களின் நகலை இரண்டு பெட்டிகளிலும் ஏற்றினேன். ஒவ்வொரு கோப்பும் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன். முதல் சோதனை: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளியே உருவுவது. இரண்டாவது: வேறு டிஸ்க்கைச் செருகி, பெட்டி அதை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே பரிசோதனைக் கூடத்து ஆட்களிடம் இடைவிடாமல் பதிவு செய்யச் சொல்வது. இரண்டிலும் குமரேசனின் பெட்டி மதுரைப் பெட்டியைத் தூக்கிச் சாப்பிட்டது. மதுரைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நம்மளுது கொஞ்சம் நிதானம்மா" என்றார்.

மூன்றாவது சோதனை: பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது.

இதைக் கேட்டதும் குமரேசன், "அக்கா, யு.பி.எஸ். இருக்குல்லா? எதுக்கு அப்படி?" என்றான்.

"யு.பி.எஸ்ஸே காலை வாரியிருக்கு தம்பி. ஐப்பசி இடிக்கு ரெண்டு தடவ போயிருக்கு."

பிடுங்கினேன். மறுபடி செருகி, பெட்டி எழுந்ததும் என் நிரலை ஓட்டினேன். மதுரைப் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. குமரேசனின் பெட்டியில், பரிசோதனைக் கூடத்தின் கடைசிப் பதிவுகள் இருந்த கோப்பு பெயரளவில் இருந்தது. அளவும் சரியாக இருந்தது. திறந்தால் உள்ளே பாதி வெறுமை, பாதி குப்பை. திரும்பவும் செய்து பார்த்தேன். மறுபடியும் அதேதான்.

காரணம் குமரேசனுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெட்டி வருகிற தகவலை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'எழுதிவிட்டேன்' என்று சர்வரிடம் சொல்லிவிடும். பிறகுதான் சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். அதனால்தான் அவ்வளவு வேகம். நடுவில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது காற்றோடு போய்விடும். மதுரைப் பெட்டிக்குள் அந்த நினைவகத்தைக் காப்பாற்ற ஒரு சிறிய பேட்டரி இருந்தது. குமரேசனின் பெட்டியிலும் பேட்டரிக்கு இடம் இருந்தது, பேட்டரிதான் இல்லை. அப்போது அது இந்தியாவுக்கு வரவில்லை. அந்த வேக வசதியை நிறுத்திவிட்டு ஓட்டலாமே என்று முயன்றோம். பெட்டி நத்தையாக நகர்ந்தது. அதோடு, ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வந்ததும் நாங்கள் நிறுத்தியதை மறந்துவிட்டுத் தானாகவே பழையபடி ஓடியது.

இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. மதுரைப் பெட்டியை வாங்கிவிடலாம். ஆனால் அது கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, சுங்கம் முடிந்து, பிறகுதான் எங்களிடம் சேரும். வாரக்கணக்கில் ஆகும் என்றார் மதுரைக்காரர். சோதனைக்குக் கொண்டுவந்தது சின்னப் பெட்டி, எங்கள் தகவல் முழுவதையும் தாங்காது. குமரேசனின் பெட்டியோ சென்னைக் கிட்டங்கியில் தயாராக இருந்தது. லாரியில் ஏற்றினால் மறுநாள் வந்துவிடும். தற்காலிகமாகக் கடன் தர முடியுமா என்று கேட்டோம். வாங்கினால்தான் என்றது அவன் நிறுவனம்.

அந்த வாரம் பழைய பெட்டியின் முதல் டிஸ்க்கும் முனக ஆரம்பித்தது. ஒரு கோப்பைத் திறந்தால் நெடுநேரம் தேடித் தேடிப் படித்தது. உள்ளே தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம்.

செயலாளர் எல்லோரையும் கூப்பிட்டார். டாக்டர்கள் இருவர், சார், நான், இரண்டு விற்பனைக்காரர்கள். நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அண்ணாச்சி பொறுமையிழந்தார். "ஏம்மா, அது எப்பமாவது கரண்டு போனாத்தான. இது இப்பமே சாவக் கெடக்கு. கையில இருக்குத பெட்டியை வாங்கிப் போடாம, கப்பல்ல வாரதுக்குக் காத்துக்கிட்டிருக்கச் சொல்லுதீங்களே!" பிறகு சாரைப் பார்த்து, "என்னவே, குடும்பத்துல ஏதும் மனத்தாங்கலா? அத இங்கன கொண்டு வராதீரும்" என்றார்.

சாரின் முகம் மாறவில்லை. வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். குமரேசன் பக்கம் திரும்பினார்.

"இது உங்க ஆஸ்பத்திரியா இருந்தா, இந்தப் பெட்டிய எடுப்பீங்களா?"

குமரேசன், "சார், எங்க கம்பெனியில அடுத்த வருஷம் பேட்டரி வருதுன்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் நாங்களே கொண்டுவந்து…" என்று தொடங்கினான்.

சார் முடிக்கவிட்டார். பிறகு அதே குரலில், "இது உங்க ஆஸ்பத்திரியா இருந்தா, இந்தப் பெட்டிய எடுப்பீங்களா?" என்றார்.

"பெரிய பெரிய இடத்துலயெல்லாம் இதத்தான் வச்சிருக்காங்க, சார்."

மூன்றாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. சார் வாயைத் திறக்குமுன் குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். மேசையில் கிடந்த தன் நிறுவனத்தின் படங்களை ஒன்றாக அடுக்கினான்.

"எடுக்க மாட்டேன், மாமா" என்றான்.

அலுவலகத்தில் அதுவரை அவன் சாரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருந்தான். அவன் இப்போது விற்பனைக்காரனாகப் பேசவில்லை என்பது அந்த ஒரு சொல்லில் அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிவே, மதுரைக்கே சொல்லீரும்" என்றார்.

அடுத்து வந்த வாரங்களைத்தான் என் வேலைக் காலத்தில் மிகக் கடினமானவை என்பேன். முதல் வேலையாகப் பழைய பெட்டியில் புதிதாக எதையும் எழுதக் கூடாது என்று நிறுத்தினோம். படிக்க மட்டும்தான். எழுத எழுதத்தான் அதற்குச் சிரமம் கூடும். தகவல் முழுவதையும் காந்த டேப்பில் நகல் எடுத்தோம். டேப்பில் எடுத்துவிட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். சார் விடமாட்டார். "டேப்புல ஏத்துனது பெருசில்ல, வடிவம்மா. டேப்புலேருந்து எறங்குதான்னு பாருங்க" என்பார். தினமும் ஏதாவது ஒரு நோயாளியின் தகவலை டேப்பிலிருந்து தனிக் கணினியில் இறக்கி, மூலத்தோடு ஒப்பிட்டோம்.

பரிசோதனைக் கூடம் கையால் எழுதும் பழைய வழக்கத்துக்குப் போனது. அங்கே தலைமை டெக்னீஷியன் சாமுவேல் என்பவர், எங்களைக் கண்டாலே, "எப்பமா மாத்தப்போறீய? கை ஒடியுது" என்பார். டாக்டர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லோர் கண்ணுக்கும் கையில் கிடைத்த பெட்டியை வேண்டாமென்றவர்கள் நாங்கள்.

ஒருநாள் முற்பகல் அறுவை அரங்கிலிருந்து டாக்டர் நேரே எங்கள் அறைக்கே வந்துவிட்டார். புன்னக்காயலிலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்திருக்கிறார்கள், பெயர் ரோசம்மாள், குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே அறுக்கவேண்டும். முன்பு இங்கேதான் ஒரு அறுவை நடந்தது, அப்போது மயக்கம் கொடுத்ததில் ஏதோ ஆயிற்று என்று மகன் சொல்கிறான், என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவோ பேசும் நிலையில் இல்லை. காகிதக் கட்டுகள் ஊருக்கு வெளியே கிட்டங்கியில் இருந்தன. டேப்பில் தேடி இறக்கவோ வெகுநேரம் பிடிக்கும்.

பெயரைத் தட்டினேன். பெட்டி சுரண்டத் தொடங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது. நான் மறுபடி தட்டப் போனேன்.

"தட்டாதீங்க. பைய. அது தேடட்டும்" என்றார் சார்.

காத்திருந்தோம். சுரண்டல் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. திரையில் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தது. தசையைத் தளர்த்தக் கொடுத்த ஒரு மருந்தால் மூச்சு வெகுநேரம் திரும்பவில்லை, இனி அந்த மருந்து கூடாது என்று நான்காவது வரியில் இருந்தது. டாக்டர் அதை ஒருமுறை உரக்கப் படித்தார். அப்படியே அறுவை அரங்கைப் பார்த்து ஓடினார்.

மாலையில் அவரே திரும்பி வந்து வாசலில் நின்று, "நல்லா இருக்காங்க" என்றார். அன்றைக்குப் பிறகு டாக்டர்கள் யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

ஒருவழியாகத் தூத்துக்குடியிலிருந்து லாரி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேலையைத் தொடங்க முடிவு செய்தோம். நாங்கள் போனபோது சர்வர் அறை வாசலில் குமரேசன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு சின்னத் தோல்பை.

"என்னப்பா, நீ இங்கன?" என்றார் சார்.

"ஊர்லதான் இருக்கேன், மாமா. வேலை இல்ல இப்போ. சும்மாதான இருக்கோம், ஒரு கை பிடிக்கலாம்னு வந்தேன்."

கூட்டத்தில் அவன் சொன்னது சென்னைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. விற்கப்போன இடத்தில் வாங்காதே என்று சொன்னவனை எந்த நிறுவனம் வைத்துக்கொள்ளும்? சாருக்கு அது தெரிந்தேயிருந்தது. குமரேசனின் அம்மா சார் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கத்திவிட்டுப் போயிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். சார் அன்று, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையசைத்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்று பேருமாகப் பெட்டியை ஏற்றினோம். தகவல் பழையதிலிருந்து புதியதற்கு மாறத் தொடங்கியது. முனகும் டிஸ்க்கில் சிக்கிய சில கோப்புகள் வர மறுத்தன. குமரேசன் அவற்றின் பெயரைப் படிக்க, நான் டேப்பிலிருந்து இறக்கினேன். கடைசியாக என் நிரலை ஓட்டினோம். எல்லாம் ஒத்துப்போயின. சார் பழைய பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஐந்து நிமிஷத்துக்குப் பரிசோதனைக் கூடத்தில் பதிவைத் தொடங்கச் சொல்லவே யாருக்கும் தோன்றவில்லை. மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் சாமுவேல் அண்ணனுக்கு போன் செய்து, "எழுதுத நோட்டை மூடிரலாம்ண்ணே" என்றேன். அந்தப் பக்கம் அவர் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

மதியம் சாருக்குச் சாப்பாடு கொண்டு கோமதி வந்தாள். அவளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பட்டென்று பேசுவாள். சென்னை மாப்பிள்ளை வேண்டாம், விற்கிற வேலை பார்க்கிறவன் வாயைத் திறந்தால் எது நிஜமென்று தெரியாது என்று அவள்தான் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

குமரேசன் எழுந்து ஓரமாகப் போய் நின்றான்.

"வேலை போயிட்டாமே?" என்று கேட்டாள் கோமதி.

"ஆமா."

"அன்னைக்கு இங்க என்ன நடந்ததுன்னு அப்பா வீட்டுல மூச்சுவிடல. அத்தைதான் வந்து சொன்னா. திட்டிக்கிட்டேதான் சொன்னா. 'எம்மவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, எடுக்க மாட்டேன்னு சொல்லித் தொலைச்சிட்டான்'னு சொன்னா."

குமரேசன் கீழே கிடந்த கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

"அத அப்புறம் சுத்தலாம்" என்றாள் கோமதி. மேசையைத் துடைத்து, அடுக்குச் சட்டியைத் திறந்து, இலையை விரித்தாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு. பையிலிருந்து மூன்றாவது இலையையும் எடுத்தாள். "உக்காருங்க. சொதி ஆறிடும்."

அவன் உட்கார்ந்தான். நான் சாரைப் பார்த்தேன். "கைய கழுவிட்டு வாரேன்" என்று முனகிவிட்டு வெளியே போனார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சார் குழாயடியில் முதுகைக் காட்டி நின்றபடி, முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.